இயந்திரம் உறுமுகிறது, வண்டி ஏன் ஓடவில்லை? பழைய மோட்டார் சைக்கிளின் கிளட்ச் சொல்லும் அறிவியல்

மாலை ஆறு மணிக்கு பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் சற்று நேரம் நின்று பாருங்கள். சமிக்ஞை விளக்கு சிவப்பாக இருக்கும்போது பத்துப் பதினைந்து மோட்டார் சைக்கிள்கள் முன்னால் வந்து நிற்கும். எல்லாவற்றிலும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் ஒரு சக்கரம்கூடச் சுழலாது. விளக்கு பச்சையானதும் எல்லாம் ஒன்றாகப் புறப்படும். அவற்றில் ஒரு பழைய வண்டி மட்டும் பெருஞ்சத்தம் போடும், ஆனால் பின்தங்கிவிடும். மேம்பாலம் ஏறும்போது அதன் சத்தம் இன்னும் கூடும், வேகம் கூடாது.

அந்த வண்டியின் இயந்திரத்தில் கோளாறு இல்லாமலே இருக்கலாம். இயந்திரத்தையும் பின்சக்கரத்தையும் இணைக்கும் கிளட்ச்தான் வழுக்குகிறது. "கிளட்ச் போய்விட்டது, புதிதாக மாற்ற வேண்டும்" என்று பலரும் உடனே முடிவு செய்துவிடுவார்கள். சில நேரம் அது உண்மை. பல நேரங்களில் ஒரு திருகை எட்டில் ஒரு பங்கு சுற்று திருப்பினால் போதும், அல்லது எண்ணெயை மாற்றினால் போதும். எது காரணம் என்று கண்டுபிடிக்க, உங்கள் இயற்பியல் பாடத்தில் வரும் உராய்வும் நெம்புகோலும் உதவும்.

கிளட்ச் எதற்கு?

பெட்ரோல் இயந்திரத்துக்கு ஒரு குணம் உண்டு: அது மிக மெதுவாகச் சுழன்றால் நின்றுவிடும். சிறிய மோட்டார் சைக்கிள் ஓய்வாக ஓடும்போதும் அதன் சுழல்தண்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,400 சுற்று சுற்றும். அதாவது ஒரு நொடிக்கு 23 சுற்றுக்கு மேல். சக்கரமோ விளக்கு சிவப்பானதும் முழுதாக நிற்க வேண்டும். ஓடும் ஒன்றையும் நிற்கும் ஒன்றையும் நேரடியாகப் பூட்டிவிட்டால், ஒன்று வண்டி பாயும், அல்லது இயந்திரம் நிற்கும். வேண்டும்போது சேர்க்கவும் வேண்டாதபோது பிரிக்கவும் நடுவில் ஓர் உறுப்பு தேவை. அதுதான் கிளட்ச்.

இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து வையுங்கள். லேசாகத் தொட்டபடி ஒரு கையை நகர்த்தினால் மற்றது நகராது. இறுக்கி அழுத்திக்கொண்டு நகர்த்தினால் இரண்டும் சேர்ந்தே நகரும். கிளட்சுக்குள் நடப்பதும் இதுதான். அங்கே கைகளுக்குப் பதிலாக வட்டத் தட்டுகள், அழுத்துவதற்குச் சுருள்வில்கள். உராய்வுப் பொருள் ஒட்டிய தட்டு ஒன்று, எஃகுத் தட்டு ஒன்று என்று மாறி மாறி அடுக்கியிருப்பார்கள். ஒரு வகைத் தட்டு இயந்திரத்தோடு சுற்றும். மற்ற வகை கியர்ப் பெட்டியோடு சுற்றும்.

ஏன் இத்தனை தட்டுகள்? உராய்வு விசை என்பது உராய்வுக் கெழுவையும் அழுத்தும் விசையையும் பெருக்கி வருவது. ஒரே பெரிய தட்டை வைத்தால் இடம் போதாது. சிறிய தட்டுகளை அடுக்கினால், ஒரே சுருள்வில் விசை எல்லாத் தட்டுகளையும் ஊடுருவி அழுத்தும். ஒவ்வொரு பரப்பும் தன் பங்குக்கு இழுக்கும்.

எளிமைக்காகச் சில எண்களை எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். நான்கு உராய்வுத் தட்டுகள். ஒவ்வொன்றுக்கும் இரு பக்கம், ஆக 8 பரப்புகள். எண்ணெயில் உராய்வுக் கெழு 0.1. சுருள்வில்களின் விசை 600 நியூட்டன். தட்டின் சராசரி ஆரம் 0.05 மீட்டர். பெருக்கிப் பாருங்கள்: 8 × 0.1 × 600 × 0.05 = 24. இந்தக் கிளட்ச் 24 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை வரை வழுக்காமல் தாங்கும். இயந்திரம் அதற்கு 20 நியூட்டன் மீட்டர் கொடுத்தால் கவலை இல்லை.

இப்போது தவறான எண்ணெயை ஊற்றிவிட்டோம், உராய்வுக் கெழு 0.07 ஆகக் குறைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாங்கும் அளவு 16.8 ஆகிவிடும். அல்லது எண்ணெய் சரிதான், ஆனால் கம்பி அதிகமாக இறுகித் தட்டுகளைப் பாதி பிரித்தே வைத்திருக்கிறது. அழுத்தும் விசை 400 ஆகக் குறைந்தது. தாங்கும் அளவு 16. இரண்டிலும் கிளட்ச் வழுக்கும். ஓட்டுபவருக்குத் தெரியும் அறிகுறி ஒன்றுதான். காரணமோ வேறு வேறு. தட்டுகள் இன்னும் நன்றாகவே இருக்கலாம். அவற்றை மாற்றினால் பணம் போகும், கோளாறு போகாது.

நம் சாலைகளில் இரண்டு வகை

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓடும் பழைய மோட்டார் சைக்கிள்களை இரண்டாகப் பிரிக்கலாம். யமஹா ஆர்.எக்ஸ்.இசட். போன்றவற்றில் இடது கைப்பிடியில் கிளட்ச் நெம்புகோல் இருக்கும். அதைப் பிடித்தால் கம்பி இழுபட்டுத் தட்டுகள் பிரியும். இன்னொரு வகை, நாம் 'கப்சாய்' என்று சொல்லும் வண்டி. ஹோண்டா இ.எக்ஸ்.5 அந்த வகையைச் சேர்ந்தது. இதில் இடது கையில் நெம்புகோலே இல்லை. ஆகவே கிளட்சும் இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் இதற்குள் இருப்பது இரண்டு கிளட்சுகள்.

இதன் கதை ஜப்பானில் தொடங்குகிறது. 1958இல் ஹோண்டா நிறுவனம் சூப்பர் கப் என்ற வண்டியை வெளியிட்டது. ஒரு கையில் நூடுல்ஸ் தட்டைத் தாங்கிக்கொண்டு வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் கடைப் பையனும் மறு கையால் ஓட்டக்கூடிய வண்டி வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. அதனால் இடது கைக்கு வேலை வைக்காத தானியங்கிக் கிளட்சை அமைத்தார்கள். அதே 1958இல் பினாங்கைச் சேர்ந்த வணிகர் லோ பூன் சியூ ஹோண்டா மோட்டார் சைக்கிள்களை மலாயாவுக்குக் கொண்டுவந்தார். 2017இல் உலகெங்கும் தயாரான சூப்பர் கப் வரிசை வண்டிகளின் எண்ணிக்கை 10 கோடியைத் தொட்டது.

கப்சாயின் முதல் கிளட்ச் வேகத்தால் இயங்குவது. சுழல்தண்டோடு சேர்ந்து சுற்றும் சிறு எடைக்கட்டைகள் அதில் இருக்கும். இயந்திரம் மெதுவாகச் சுற்றும்போது சிறு சுருள்வில்கள் அவற்றை உள்ளே பிடித்து வைத்திருக்கும். ஆக்சிலேட்டரை முறுக்கியதும் அவை வெளியே விரிந்து, சுற்றியுள்ள உருளையின் உட்புறத்தை அழுத்திப் பிடிக்கும். உருளையும் சேர்ந்து சுற்றத் தொடங்கும். கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றினால் கை வெளிப்பக்கம் இழுபடுவதை உணர்ந்திருப்பீர்கள். இதுவும் அதுதான். வேகம் இரண்டு மடங்கானால் இந்த விசை நான்கு மடங்காகும். 1,400 சுற்றில் அமைதியாக இருந்த கட்டைகள் 2,800 சுற்றில் நான்கு மடங்கு விசையோடு விரிய முயலும். அதனால்தான் கப்சாய் நிற்கும்போது தானாகப் பிரிகிறது, கிளம்பும்போது தானாகச் சேர்கிறது.

இரண்டாவது கிளட்ச், தட்டுகள் அடுக்கிய வகை. கியர் மாற்றும்போது மட்டும் இது பிரிய வேண்டும். அதற்கான நெம்புகோல் உங்கள் கால்தான். கியர் மிதியை அழுத்தும்போது முதலில் இந்தக் கிளட்ச் பிரிகிறது, பிறகு கியர் மாறுகிறது, காலை எடுத்ததும் மீண்டும் சேர்கிறது. (இன்னும் பழைய கப் வண்டிகளில் ஒரே கிளட்ச் இரண்டு வேலைகளையும் செய்யும்.)

இரண்டே நோய்கள்

கிளட்சில் வரும் கோளாறுகள் பலவாகத் தோன்றினாலும் அவற்றை இரண்டாகச் சுருக்கலாம். சேர வேண்டிய நேரத்தில் முழுதாகச் சேராதது வழுக்கல். பிரிய வேண்டிய நேரத்தில் முழுதாகப் பிரியாதது ஒட்டல். முதலில் எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் ஒன்றுக்குச் செய்யும் மருந்து மற்றதை மோசமாக்கும்.

வழுக்கலின் அறிகுறிகள்: மேடு ஏறும்போதும், பின்னால் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போதும், மேல் கியரில் ஆக்சிலேட்டரை முறுக்கும்போதும் இயந்திரத்தின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. பெட்ரோல் சீக்கிரம் தீரும். சில நேரம் கருகிய வாடை வரும். அந்த வாடைக்கும் காரணம் இயற்பியல்தான். 20 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையில், தட்டுகளுக்கிடையே நொடிக்கு 50 ரேடியன் வேக வேறுபாடு இருந்தால், 20 × 50 = 1,000 வாட் வெப்பம் பிறக்கும். துணி தேய்க்கும் மின் இஸ்திரிப்பெட்டியின் சூடு அந்தச் சிறிய தட்டுகளுக்குள் இறங்குகிறது. நெரிசலில் கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஊர்ந்து போவோர் செய்வதும் இதுதான்.

ஒட்டலின் அறிகுறிகள்: நெம்புகோலை முழுதாகப் பிடித்திருந்தும் வண்டி முன்னே நகரப் பார்க்கும். விளக்கில் நிற்கும்போது நியூட்ரல் கிடைக்காது. முதல் கியர் போட்டதும் 'கடக்' என்று உதைத்து இயந்திரம் நிற்கும். இது வெறும் தொல்லை மட்டும் அல்ல. பாதசாரிகள் கடக்கும் இடத்தில் வண்டி தானாக முன்னேறினால் ஆபத்து. நெடுநாள் ஓட்டாமல் நிறுத்திய வண்டியில் தட்டுகள் எண்ணெயோடு ஒட்டிக்கொண்டு முதல் தடவை இப்படி உதைப்பது உண்டு. சற்று ஓடியதும் சரியாகிவிட்டால் அது கோளாறு அல்ல.

கப்சாய் விளக்கில் ஊர்ந்தால் முதலில் கிளட்சைக் குறை சொல்லாதீர்கள். இயந்திரம் ஓய்வாக ஓடும் வேகம் அளவுக்கு மேல் வைக்கப்பட்டிருந்தால் எடைக்கட்டைகள் விரியத்தான் செய்யும். கார்புரேட்டரின் ஸ்லோ திருகைக் கையேட்டில் சொன்ன அளவுக்குக் குறைத்தாலே பல வண்டிகள் அமைதியாகிவிடும்.

கம்பிக் கிளட்சைச் சரிசெய்தல்

நெம்புகோல் உள்ள வண்டியில், அதை மெல்ல இழுத்துப் பாருங்கள். முதலில் கொஞ்சம் தூரம் எதிர்ப்பே இல்லாமல் வரும்; அதன் பிறகுதான் கனம் தெரியும். இந்தத் தளர்வைப் பட்டறையில் 'பிளே' என்பார்கள். நெம்புகோலின் நுனியில் அளந்தால் பல வண்டிகளுக்கு இது 10 முதல் 20 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்குரிய சரியான அளவு கையேட்டில் இருக்கும்.

பிளே இல்லாவிட்டால், நீங்கள் நெம்புகோலைத் தொடாதபோதும் கம்பி தட்டுகளைப் பிரிக்கப் பார்க்கிறது என்று பொருள். வழுக்கல் வரும். பிளே அதிகமானால், முழுதாகப் பிடித்தாலும் தட்டுகள் போதிய அளவு விலகாது. ஒட்டல் வரும். இன்னொன்றையும் கவனியுங்கள். கம்பி நாளடைவில் நீள்வதால் பிளே கூடும். தட்டுகள் தேய்வதால் பெரும்பாலான வண்டிகளில் பிளே குறையும். ஆகவே பிளே தானாகக் குறைந்துகொண்டே வந்தால், உள்ளே தட்டுகள் தேய்ந்துவருகின்றன என்று ஊகிக்கலாம்.

சரிசெய்ய, இயந்திரத்தை நிறுத்தி ஆற விடுங்கள். நெம்புகோல் அருகே உள்ள லாக் நட்டைத் தளர்த்துங்கள். திருகை வெளியே திருப்பினால் பிளே குறையும். உள்ளே திருப்பினால் கூடும். அளவு வந்ததும் நட்டை இறுக்குங்கள். மேலே உள்ள திருகு முழுதாக வெளியே வந்தும் போதவில்லை என்றால், அதை உள்ளே தள்ளிவிட்டு, இயந்திரத்தின் பக்கம் உள்ள கீழ்த் திருகில் சரிசெய்ய வேண்டும். கடைசியாகக் கைப்பிடியை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். ஏதாவது ஒரு பக்கம் பிளே மறைந்தால் கம்பி எங்கோ மாட்டியிருக்கிறது. கம்பியில் ஓர் இழை அறுந்திருந்தாலும் சரிசெய்வதை விட்டுவிட்டுக் கம்பியையே மாற்றுங்கள். கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் பாதையில் நடுவழியில் அது அறுந்தால் உதவி கிடைப்பது எளிதல்ல.

கப்சாயைச் சரிசெய்தல்

கப்சாயில் இயந்திரத்தின் வலது பக்க மூடியில், ஒரு நட்டும் அதன் நடுவே பிளவுள்ள திருகும் தெரியும். பெரும்பாலான ஹோண்டா கப் வகை வண்டிகளில் செய்முறை இது:

1. திருகை ஸ்குரூடிரைவரால் பிடித்துக்கொண்டு நட்டை ஸ்பேனரால் தளர்த்துங்கள்.

2. திருகை வலஞ்சுழியாக ஒரு சுற்று திருப்புங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

3. பிறகு இடஞ்சுழியாக மெதுவாகத் திருப்பி வாருங்கள். ஓர் இடத்தில் லேசான எதிர்ப்பு தெரியும். அங்கே நிறுத்துங்கள்.

4. அங்கிருந்து வலஞ்சுழியாக எட்டில் ஒரு பங்கு சுற்று மட்டும் திருப்புங்கள்.

5. திருகு நகராதபடி பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள்.

எட்டில் ஒரு பங்கு என்பது என்ன கணக்கு? மூன்றாவது படியில் எதிர்ப்பு தெரிந்த இடம், கிளட்சைப் பிரிக்கும் உறுப்புகள் ஒன்றையொன்று தொட்ட இடம். அங்கேயே விட்டால் பிளே இல்லை. ஒரு முழுச் சுற்றுக்குத் திருகு 1 மில்லிமீட்டர் நகரும் என்று வைத்துக்கொண்டால், எட்டில் ஒரு பங்குக்கு 0.125 மில்லிமீட்டர். ஏறக்குறைய இரண்டு தலைமுடியின் கனம். அவ்வளவு இடைவெளிதான் அங்கே தேவை. எதிர்ப்பு தெரிந்த இடத்தையும் தாண்டி இறுக்கினால் வழுக்கல்; அளவுக்கு மேல் தளர்த்தினால் கியர் மாறும்போது உதைக்கும்.

ஒன்றை மறக்காதீர்கள். இரண்டு கிளட்ச் உள்ள வண்டியில் இந்தத் திருகு கியர் மாற்றும் கிளட்சுக்கு மட்டும்தான். எடைக்கட்டைகளின் மேற்பூச்சு தேய்ந்து வழுக்கினால், இதை எத்தனை முறை திருப்பினாலும் பயன் இல்லை.

எண்ணெய் டப்பாவில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

இந்த வண்டிகளின் கிளட்ச் எண்ணெயில் நனைந்தபடியே வேலை செய்கிறது. கப்சாயில் ஒரு லிட்டருக்கும் குறைவான எண்ணெய்தான் இயந்திரம், கியர், கிளட்ச் மூன்றுக்கும் பொது. ஆர்.எக்ஸ்.இசட். போன்ற இரண்டு வீச்சு வண்டியில் பெட்ரோலோடு எரியும் எண்ணெய் வேறு, கிளட்சும் கியரும் நனையும் எண்ணெய் வேறு.

கார்களுக்கான சில எண்ணெய்களில், எரிபொருளைச் சேமிக்க, உராய்வைக் குறைக்கும் பொருள்களைச் சேர்ப்பார்கள். காரின் கிளட்ச் பொதுவாக இயந்திர எண்ணெயில் நனைவதில்லை. அதனால் அங்கே தொல்லை இல்லை. அதே எண்ணெய் மோட்டார் சைக்கிளில் தட்டுகளுக்கிடையே புகுந்தால், நாம் போட்ட கணக்கில் 0.1 என்பது குறைந்துவிடும். இதற்காகவே ஜப்பானின் ஜாசோ அமைப்பு தர வகைகளை வகுத்திருக்கிறது. 'எம்.ஏ.' என்று குறித்த எண்ணெய் நனைந்த கிளட்ச் உள்ள வண்டிகளுக்கு. 'எம்.பி.' என்பது உராய்வு குறைந்த வகை. கிளட்ச் எண்ணெயில் நனையாத ஸ்கூட்டர்களுக்கு ஏற்றது. எண்ணெய் மாற்றிய சில நாள்களில் வழுக்கல் தொடங்கியிருந்தால், முதலில் அந்த டப்பாவைத் தேடிப் பாருங்கள்.

பட்டறைக்குப் போகும் நேரம்

பிளே சரி, ஓய்வு வேகம் சரி, எண்ணெய் சரி, இன்னும் வழுக்குகிறது என்றால் மூடியைத் திறக்க வேண்டும். எண்ணெயை வடிக்க வேண்டும். சிறப்புக் கருவிகளும் புதிய கேஸ்கட்டும் வேண்டும். அதைப் பட்டறைக்காரரிடம் விடுவதே நல்லது. அங்கே சும்மா நிற்காமல் கவனியுங்கள். உராய்வுத் தட்டின் கனத்தை வெர்னியர் அளவியால் அளப்பார்கள். எஃகுத் தட்டைச் சமமான கண்ணாடியின் மேல் வைத்து, வளைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். வளைந்த தட்டு ஒட்டலுக்குக் காரணம். சுருள்வில்லின் நீளத்தையும் அளப்பார்கள். தளர்ந்த வில் நீளம் குறைந்திருக்கும். "பழைய தட்டைக் கொஞ்சம் காட்டுங்கள், அண்ணே" என்று கேளுங்கள். கையேட்டில் உள்ள குறைந்தபட்சக் கனத்தோடு ஒப்பிட்டால், மாற்றியது தேவைதானா என்று உங்களுக்கே தெரியும்.

பாதுகாப்பு பற்றியும் சொல்லிவிட வேண்டும். மலேசியாவில் 16 வயதானால்தான் பி2 உரிமம் எடுக்க முடியும். உரிமம் இல்லாதவர்கள் திருகுவதோடு நிறுத்திக்கொண்டு, ஓட்டிப் பார்க்கும் வேலையைப் பெரியவர்களிடம் விடுங்கள். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி இயந்திரத்தை ஓட்டும்போது, சுழலும் சக்கரத்துக்கும் சங்கிலிக்கும் பக்கத்தில் விரலைக் கொண்டுபோகாதீர்கள்.

இந்த வார இறுதியில் வீட்டில் உள்ள பழைய வண்டியின் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். வழுக்கலா, ஒட்டலா என்று முதல் வரியில் எழுதுங்கள். அடுத்து பிளே எத்தனை மில்லிமீட்டர், ஓய்வு வேகம் எப்படி, எந்த எண்ணெய், எப்போது மாற்றியது என்று வரிசையாகக் குறியுங்கள். பட்டறைக்குப் போக வேண்டி வந்தால் அந்தத் தாளை அப்பாவிடம் கொடுத்தனுப்புங்கள். "என்னமோ சத்தம் வருது" என்று சொல்வதைவிட அது பட்டறைக்காரருக்கு நிறையச் சொல்லும்.